‘நூன்’ என்பது மதியம் அல்ல, உச்சி

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டின் மாடி அறைகளைச் சீர்செய்து, மூன்று ஆண்டுகளாக விருந்தினர்களைத் தங்க வைத்து வருகிறோம். மின்னஞ்சல் எழுதுவதும் அறைகளில் அறிவிப்பு வைப்பதும் என் பொறுப்பு. நான் தமிழ் வழியில் படித்தவள். அறையைக் காலி செய்யும் நேரம் ‘12 ஏ.எம்.’ என்று எழுதி வைத்திருந்தேன். போன மாதம் வந்த வெளிநாட்டுத் தம்பதி இரவு பதினொன்றரை மணிக்குப் பெட்டிகளோடு வளவில் வந்து நின்றுவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ‘பி.எம்.’ என்று திருத்தப் போனால், அதுவும் தவறு என்கிறான் என் தம்பி. ‘இன் தி நூன்’ சாப்பாடு பரிமாறப்படும் என்று எழுதியிருந்ததை இன்னொரு விருந்தினர் பேனாவால் அடித்துத் திருத்தி வைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டரை மணிக்கு ‘குட் நூன்’ என்று சொல்வதும் கூடாதாம். நூன் என்றால் மதியம்தானே? அது எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? என் அப்பத்தாவிடம் கேட்டால், ‘உச்சி ஒரு நொடி நிற்குமா, உடனே சாயத்தானே செய்யும்’ என்கிறார்கள். எனக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.
— வாசகி, கானாடுகாத்தான்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பத்தா சொன்னதுதான் விடை. அகராதியைத் திறப்பதற்கு முன்பே அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

‘நூன்’ என்பது ஒரு புள்ளி. அதற்கு நீளம் கிடையாது. ‘எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை’ என்ற கேள்வியை மதியத்தைப் பார்த்துக் கேட்கலாம், மாலையைப் பார்த்துக் கேட்கலாம். நூனைப் பார்த்துக் கேட்க முடியாது. பகல் பன்னிரண்டு மணி என்ற அந்த ஒரு கணம்தான் நூன். அதற்கு முந்தைய நிமிடம் காலை, அடுத்த நிமிடம் ‘ஆஃப்டர்நூன்’. நாம் பள்ளியில் ‘நூன் என்றால் மதியம்’ என்று மனப்பாடம் செய்துவிடுகிறோம். தமிழில் மதியம் என்பது பன்னிரண்டில் தொடங்கி மூன்று, மூன்றரை வரை இழுத்துக்கொண்டு போகும் ஒரு பொழுது. ‘மதியம் வருகிறேன்’ என்று சொன்னவர் இரண்டரைக்கு வந்தாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அந்த நீளத்தை நூன் என்ற சொல்லுக்குள் திணிக்கும்போதுதான் நீங்கள் சொல்லும் சிக்கல்கள் எல்லாம் வருகின்றன.

மழையில்லாத ஒரு நாளில், பதினொன்றே முக்கால் மணிக்கு வளவின் திறந்த முற்றத்தில் ஒரு குச்சியை நேராக நட்டுவையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதன் நிழல் முனையில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வையுங்கள். நிழல் சுருங்கிக்கொண்டே வரும். ஓர் இடத்தில் மிகக் குட்டையாகும். பிறகு கிழக்குப் பக்கம் சாய்ந்து நீளத் தொடங்கும். அந்தக் குட்டையான நிழலின் நேரம்தான் உச்சி. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் செய்து பார்த்தால், செட்டிநாட்டில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து, நிழல் குச்சியின் காலடிக்குள்ளேயே ஒளிந்துகொள்வதைக் காணலாம். கையில் சுண்ணாம்போடு அதைப் பார்த்தவர்களுக்கு நூன் என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படிப் பார்க்கும்போது உங்கள் கைக்கடிகாரம் பன்னிரண்டு காட்டாது. இந்திய நேரம் 1906 முதல், மிர்சாபூர் அருகே செல்லும் கிழக்கு 82½ பாகைக் கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. காரைக்குடிப் பக்கம் அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய 3¾ பாகை மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால், உங்கள் முற்றத்துக்குச் சூரியன் கால் மணி நேரம் தாமதமாக வருகிறது. அதோடு பூமி சுற்றும் பாதையின் வேறுபாடும் சேர்ந்து, பிப்ரவரி நடுவில் உச்சி ஏறக்குறைய 12.30க்கு வரும், நவம்பர் தொடக்கத்தில் 12 மணியை ஒட்டியே வந்துவிடும். அன்றாட ஆங்கிலத்தில் நூன் என்றால் கடிகாரத்தின் பன்னிரண்டு என்றே பொருள். சூரியனின் உச்சியைக் குறிக்க வேண்டுமானால் ‘சோலார் நூன்’ என்று பிரித்துச் சொல்வார்கள்.

தமிழில் நூனுக்கு எது சரியான சொல் என்பது நான் முப்பது ஆண்டு மொழிபெயர்ப்புப் பணியில் பலமுறை நின்று யோசித்த இடம். செய்தித்தாள்கள் ‘நண்பகல் 12 மணி’ என்று எழுதுகின்றன. நள் என்றால் நடு. நள்ளிரவு போலவே நண்பகல். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தொல்காப்பிய மரபில் நண்பகல் என்பது பாலைத் திணைக்குரிய ஒரு சிறுபொழுது. ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் பத்து நாழிகை; நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம் என்றால் நண்பகல் காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை நீள்கிறது. பக்கத்தில் ‘12 மணி’ என்ற எண் இருக்கும்வரை அது புள்ளியாக நிற்கும். எண்ணை எடுத்துவிட்டால் மீண்டும் நான்கு மணி நேரமாக விரிந்துவிடும். மதியமோ, ‘மத்தியானம்’ என்ற வடசொல்லின் வழி வந்தது. அதற்கும் நாளின் நடு என்றுதான் பொருள். நம் வாயில் புழங்கிப் புழங்கி நீண்டுவிட்டது. பழைய இலக்கியத்தில் மதியம் என்றால் நிலவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தச் சொல் எத்தனை வேலை பார்த்திருக்கிறது என்று வியப்பாக இருக்கிறது. எண்ணின் துணை இல்லாமல் தனியாக நின்று ஒரு கணத்தைக் காட்டும் தமிழ்ச் சொல் என் கணக்கில் ‘உச்சி’ ஒன்றுதான். முகூர்த்தம் பார்ப்பவர்கள் அபிசித்து என்று சொல்வார்களே, அதுகூட உச்சிக்கு முன்னே ஒரு நாழிகை, பின்னே ஒரு நாழிகை என்று, உச்சியை நடுவே வைத்து அளந்த நேரம்தான்.

இப்போது உங்கள் அறிவிப்பைத் திருத்திய விருந்தினருக்கு வருவோம். அவர் செய்தது சரி. ஆங்கிலத்தில் ‘இன்’ என்பது பாத்திரம் போல. உள்ளே இடம் இருக்கும் பொழுதுகளோடுதான் சேரும். இன் தி மார்னிங், இன் தி ஆஃப்டர்நூன், இன் தி ஈவினிங். நூனுக்குள் இடம் இல்லை. ஆகவே ‘அட் நூன்’. நள்ளிரவும் அப்படியே, ‘அட் மிட்நைட்’. (‘அட் நைட்’ மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது; அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.) நூனுக்கு முன்னால் ‘தி’ போடுவதும் வேண்டாம். ‘பை நூன்’ என்றால் பன்னிரண்டுக்குள், அதாவது அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ‘அன்டில் நூன்’ என்றால் பன்னிரண்டு வரை அது தொடரும். விடுதி நடத்துபவருக்கு இந்த இரண்டின் வேறுபாடு மிக முக்கியம். அறையை ‘பை நூன்’ காலி செய்ய வேண்டும். அறையில் ‘அன்டில் நூன்’ இருக்கலாம். ‘அன்டில் நூன்’ காலி செய்யுங்கள் என்று எழுதினால், பன்னிரண்டு வரை காலி செய்துகொண்டே இருங்கள் என்று பொருளாகிவிடும்.

அடுத்து ஏ.எம்., பி.எம். சிக்கல். உங்கள் தம்பி சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. இவை லத்தீன் சொற்களின் சுருக்கம். ‘ஆன்டே மெரிடியம்’ என்றால் உச்சிக்கு முன். ‘போஸ்ட் மெரிடியம்’ என்றால் உச்சிக்குப் பின். நம் முற்பகல், பிற்பகல் இரண்டும் இதே பொருள்தான். உச்சியே உச்சிக்கு முன்னதாகவோ பின்னதாகவோ எப்படி இருக்க முடியும்? நள்ளிரவு இன்னும் மோசம். அது கடந்த உச்சிக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின், வரப்போகும் உச்சிக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன். எனவே இலக்கணப்படி பார்த்தால் பன்னிரண்டுக்கு இந்த இரண்டு முத்திரையுமே ஒட்டாது. வழக்கத்தில் உலகம் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது: கைப்பேசியும் கணினியும் பகல் பன்னிரண்டை ‘12 பி.எம்.’ என்றும் நள்ளிரவை ‘12 ஏ.எம்.’ என்றும் காட்டுகின்றன. ஆகவே நீங்கள் எழுதிய ‘12 ஏ.எம்.’ விருந்தினருக்கு நள்ளிரவு என்றே பொருள்பட்டது. அவர்கள் மீதும் பிழையில்லை. நீங்களும் மனம் நொந்துகொள்ள வேண்டாம். அமெரிக்க அரசு அச்சகத்தின் நடைக் கையேடே 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் பகல் பன்னிரண்டுக்கு ஏ.எம். என்று விதித்துவிட்டு, 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் பி.எம். என்று மாற்றிக்கொண்டது. தாய்மொழிக்காரர்களே தடுமாறிய இடம் இது.

நானும் இதே இடத்தில் விழுந்தவன். பணிக்கு வந்த இரண்டாம் ஆண்டு, ஒரு நிறுவனத்தின் ஏல அறிவிப்பைத் தமிழாக்கினேன். ஒப்பந்தப் புள்ளிகளை ஒரு குறிப்பிட்ட தேதியில் ‘12 பி.எம்.’க்குள் தர வேண்டும் என்று இருந்தது. பி.எம். என்றால் மாலை, இரவு என்ற பழக்கத்தில் ‘இரவு 12 மணிக்குள்’ என்று எழுதிவிட்டேன். சிவகங்கையிலிருந்து ஒரு மர வியாபாரி மாலை நான்கு மணிக்கு உறையோடு வந்து நின்றார். பெட்டியைப் பகலிலேயே பூட்டி முத்திரை வைத்துவிட்டிருந்தார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. தமிழ் அறிவிப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறப் போனார். அன்றிலிருந்து பன்னிரண்டு மணி என்று எங்கே கண்டாலும் மூல ஆவணத்தை அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து, பகலா இரவா என்று கேட்டபிறகே எழுதுகிறேன். உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்கும் அந்த மடித்த காகிதம்தான் காரணம்.

எனவே பகல் பன்னிரண்டுக்கு ஏ.எம்., பி.எம். இரண்டையும் விட்டுவிட்டு ‘12 நூன்’ என்று எழுதுங்கள். நூன் என்றாலே பன்னிரண்டுதானே, எண் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கண்ணுக்கு எண் பட்டால் பயணியின் மனம் அமைதியாகும். அந்த மிகை நன்மைக்கே. ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்கு 24 மணிக் கணக்கு பழக்கம். ‘12:00’ பகல், ‘00:00’ இரவு என்பது அவர்களுக்குக் குழப்பமே தராது.

நள்ளிரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவு ரயிலில் சென்னை திரும்பும் விருந்தினர்களின் டிக்கெட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். 20ஆம் தேதி 00:20 என்று அச்சாகியிருந்தால் 19ஆம் தேதி இரவுச் சாப்பாடு முடிந்தவுடன் அவர்கள் நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். இருபதாம் தேதி இரவு என்று நினைத்து ரயிலைத் தவறவிடுபவர்கள் படித்தவர்களிலும் உண்டு. மின்னஞ்சலில் ‘20ஆம் தேதி மிட்நைட்’ என்று எழுதாதீர்கள். ‘19ஆம் தேதி இரவு, விடிந்தால் 20’ என்று இரண்டு தேதியையும் எழுதிவிடுங்கள்.

இந்தச் சொல்லின் பிறப்புக் கதையும் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். நூன் என்ற சொல்லுக்கு வேர், லத்தீனில் ஒன்பதாவது என்று பொருள்படும் ‘நோனா’. ரோமானியர்கள் சூரிய உதயம் முதல் மறைவு வரை உள்ள பகலைப் பன்னிரண்டாகப் பிரித்தார்கள். கோடையில் ஒரு பங்கு நீளும், குளிரில் சுருங்கும். நம்மூரில் உதயத்தையும் மறைவையும் வைத்துப் பகலை எட்டாகப் பிரித்து இராகுகாலம் பார்க்கிறார்களே, அதே முறை. அந்தக் கணக்கில் ஒன்பதாவது மணி என்றால் நமக்குப் பிற்பகல் மூன்று மணி. பழைய ஆங்கிலத்தில் நூன் என்றால் மூன்று மணிதான்! கிறித்தவத் துறவிகள் அந்த நேரத்தில் ஒரு வழிபாடு செய்து, நோன்பு நாள்களில் அதன் பிறகே உண்பார்கள். அந்த வழிபாடும் உணவும் சிறிது சிறிதாக முன்னே நகர்ந்ததால் சொல்லும் கூடவே நகர்ந்தது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய நகர்வு 14ஆம் நூற்றாண்டுக்குள் முடிந்து, மூன்று மணி பன்னிரண்டு மணியாயிற்று. பசி ஒரு சொல்லை மூன்று மணி நேரம் இழுத்திருக்கிறது.

அப்படியானால் உண்மையான உச்சிக்கு ரோமானியர் வைத்த பெயர் என்ன? ஆறாவது மணி, ‘செக்ஸ்டா’. அது ஸ்பானிய மொழியில் ‘சியஸ்டா’ என்று இன்றும் வாழ்கிறது. சாப்பிட்டபின் போடும் பகல் தூக்கத்துக்குப் பெயர். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தலையணை ஒன்றைப் போட்டு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண்ணயர்வார்களே, அதேதான். இதற்கு நேர்மாறான கதை ‘மேட்னி’. பிரெஞ்சு மொழியில் அது காலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் திரையரங்குகளில் இரண்டரை மணிக் காட்சிக்குப் பெயராகிவிட்டது. ஒன்று பிற்பகலிலிருந்து உச்சிக்கு வந்தது; மற்றொன்று காலையிலிருந்து பிற்பகலுக்குப் போனது. பொழுதைக் குறிக்கும் சொற்கள் எந்த மொழியிலும் ஓரிடத்தில் கட்டிப்போட்டது போல நிற்பதில்லை.

தமிழ்நாட்டு அலுவலக ஆங்கிலத்தில் நூனின் உறவுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. தேர்வு நுழைவுச் சீட்டில் எஃப்.என்., ஏ.என். என்று பார்த்திருப்பீர்கள், ஃபோர்நூன், ஆஃப்டர்நூன். ஃபோர்நூன் என்பது நல்ல ஆங்கிலம்தான். ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அன்றாடப் பேச்சில் அது அருகிவிட்டது. விருந்தினருக்கு எழுதும்போது ‘மார்னிங்’ போதும். அதேபோல 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்துக்கு அரசு ஆங்கிலத்தில் ‘நூன் மீல்’ என்று பெயர். நம் ஊர்ப் பள்ளிக்கு அது சரியான பெயர். உங்கள் வீட்டு இலைச் சாப்பாட்டுக்கு ‘நூன் மீல்’ என்று எழுதினால் வெளியூர்க்காரருக்குச் சட்டென்று பிடிபடாது. ‘லஞ்ச்’ என்று எழுதுங்கள்.

‘குட் நூன்’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்படி ஒரு வணக்கம் ஆங்கிலம் பேசும் நாடுகளில் வழக்கில் இல்லை. பன்னிரண்டு அடிக்கும்வரை குட் மார்னிங். அடித்தபிறகு, ஒரு நிமிடம் ஆகியிருந்தாலும், குட் ஆஃப்டர்நூன். சாப்பிட்டால்தான் ஆஃப்டர்நூன் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சாப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. என்னைக் கேட்டால், கைகூப்பி ‘வணக்கம்’ என்று சொல்லுங்கள். அவ்வளவு தூரம் கடந்து உங்கள் முகப்புப் படியேறி வருபவர்கள் கேட்க விரும்புவதும் அதைத்தான். அதற்குக் கடிகாரம் பார்க்கவும் வேண்டாம்.

உங்கள் அறிவிப்பில் இருக்க வேண்டிய மூன்று வரிகளை எழுதித் தருகிறேன். ஆங்கில எழுத்தில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். காலி செய்ய: ‘ப்ளீஸ் செக் அவுட் பை 12 நூன்.’ சாப்பாட்டுக்கு: ‘லஞ்ச் இஸ் செர்வ்டு ஃப்ரம் 12:30 டு 2:30 இன் தி ஆஃப்டர்நூன்.’ மூன்றாவது கோயிலுக்கு. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் விருந்தினர்கள் கட்டாயம் கேட்பார்கள். நம் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலானவற்றில் உச்சிக்காலப் பூசை முடிந்து நடை சாத்தினால் மாலை நான்கு மணியளவில்தான் திறப்பார்கள். இதை ‘க்ளோஸ்டு இன் நூன்’ என்று எழுதினால், பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் மூடித் திறப்பார்கள் போலும் என்று நினைத்து வெயிலில் வாசலில் காத்திருப்பார்கள். ‘தி டெம்பிள் க்ளோசஸ் அரவுண்டு நூன் அண்டு ரீஓப்பன்ஸ் அட் அபவுட் 4 பி.எம்.’ என்று எழுதுங்கள். அவர்கள் போக விரும்பும் கோயிலின் நேரத்தை முதலில் அங்கேயே விசாரித்து, தேவையானால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பத்தாவிடம் ஒன்று சொல்லுங்கள். ‘உச்சி சாய்ந்துவிட்டது’ என்று அவர்கள் சொல்வதற்கு ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பொருந்தும் ஒரு வழக்கு இருக்கிறது: ‘இட்ஸ் பாஸ்ட் நூன்.’ நாளைக்கு யாராவது பன்னிரண்டரை மணிக்கு அறையில் இன்னும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தால், கதவைத் தட்டி, புன்னகையோடு அதைச் சொன்னால் போதும்.